எங்கள் பக்கம் ஏறிப் பார்க்க இருக்கிற ஒரே மேடு குப்பை மேடு

 

"வடசென்னைக்காரனுக்குப் பறவை பார்க்க எங்கே சார் நேரம்? முதலில் சோறு, தண்ணீர், வேலை. மற்றதெல்லாம் அப்புறம்." இந்தப் பேச்சைப் பல வருடமாகக் கேட்கிறேன். வெளியே அக்கறை போலத் தெரியும். உள்ளே இருப்பது அலட்சியம்.

பள்ளிக்கரணையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் குப்பை கொட்டினார்கள், சாக்கடை விட்டார்கள், கட்டடம் எழுப்பினார்கள். ஆனாலும் சிலர் விடியற்காலையில் சாலையோரம் நின்று பறவைகளை எண்ணினார்கள், படம் எடுத்தார்கள், எழுதினார்கள், நீதிமன்றம் போனார்கள். 2007-ல் 317 ஹெக்டேர் காப்புக்காடு ஆனது. 2021-ல் நடைபாதையோடு சூழல் பூங்கா வந்தது. 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வரிசையைக் கவனியுங்கள். முதலில் கண்ணால் பார்த்தார்கள், பிறகுதான் பாதுகாப்பு வந்தது.

எங்கள் எண்ணூர் கழிமுகம் எதில் குறைச்சல்? கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் இடம். அலையாத்தி மரங்கள் இருக்கின்றன. கூழைக்கடா, நாரை, உள்ளான் எல்லாம் வருகின்றன. இருளர் மக்கள் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவியே இறால் பிடிக்கிறார்கள். இதையெல்லாம் நின்று பார்க்க அங்கே முறையாக ஒரு பாதை உண்டா? லாரிக்குப் பாதை உண்டு, நிலக்கரிக்கு உண்டு, சாம்பல் குழாய்க்கும் உண்டு. பள்ளிப் பிள்ளைக்குத்தான் இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், கழிமுகம் முழுக்கப் படிந்தது. சிறகெல்லாம் எண்ணெய் அப்பிய கூழைக்கடாவின் படத்தை ஊரே பார்த்தது. அப்படியொரு பறவை இங்கே இருப்பதே பலருக்கு அன்றைக்குத்தான் தெரியும். நம் ஊர்ப் பறவையை நமக்கு அறிமுகம் செய்ய எண்ணெய்க் கசிவு வர வேண்டுமா?

"பழவேற்காடு இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது, 1980-லேயே சரணாலயம் ஆனது. ஆனால் கொடுங்கையூரிலிருந்து குடும்பத்தோடு பஸ் மாறிப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். வாரக் கடைசியில் காரில் போகிறவர்களுக்கு அது பக்கம்.

"ஜனங்களை உள்ளே விட்டால் பாழாக்கிவிடுவார்கள்" என்பது அடுத்த வாதம். இதுவரை பாழாக்கியது யார்? ஆற்றில் சாம்பல் படிந்தது வேடிக்கை பார்க்கப் போனவனாலா? பிளாஸ்டிக் கூடாது, ஒலிபெருக்கி கூடாது, ஒரு நேரத்தில் இத்தனை பேர்தான் என்று விதி போடுங்கள். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் இளைஞர்களைச் சம்பளத்துக்கு வழிகாட்டியாக வையுங்கள். அவர்களை விட அந்தத் தண்ணீரை அறிந்தவர் யார்?

பணம் இல்லை என்றும் சொல்லாதீர்கள். அடையாற்றில் குப்பையும் கட்டட இடிபாடும் கிடந்த இடம்தான் 2011-ல் 58 ஏக்கர் தொல்காப்பியப் பூங்கா ஆனது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

இப்போது கொடுங்கையூருக்கு வருவோம். 300 ஏக்கருக்கு மேல் பரந்த கிடங்கு. பழைய குப்பையைப் பிரித்து அகற்றும் வேலை நடக்கிறது. அங்கேயே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை என்கிறார்கள். 2025-ல் நம் ஜனங்கள் மனிதச் சங்கிலியாக நின்று வேண்டாம் என்றார்கள். ஊர்க் குப்பையை இத்தனை காலம் சுமந்த இடத்துக்கு, சுமை இறங்கும்போது கொடுக்கும் பரிசு புகையா?

நான் கேட்பது மூன்றுதான்.

ஒன்று, எண்ணூர் கழிமுகத்தில் ஒரு கிலோமீட்டர் நடைபாதை, கடைசியில் ஏறி நின்று பார்க்க ஒரு மேடை, பறவைப் பெயர்கள் தமிழில் எழுதிய பலகை. சக்கர நாற்காலியும் போகிற மாதிரி இருக்கட்டும். மீனவர்களைக் கேட்டு இடம் குறியுங்கள், அவர்கள் படகுக்கும் வலைக்கும் இடைஞ்சல் கூடாது.

இரண்டு, கொடுங்கையூரில் மீளும் நிலத்தில் ஒரு பங்கு மரத்துக்கும் குளத்துக்கும்.

மூன்று, வடசென்னை மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள் வருடத்துக்கு ஒரு முறையாவது கழிமுகத்தைப் பார்க்க இலவச பஸ்.

சோறும் வேண்டும், வேலையும் வேண்டும், நல்ல காற்றும் வேண்டும். ஒன்றைக் கேட்டால் இன்னொன்றை விட வேண்டும் என்று தென்சென்னையில் யாரிடமும் யாரும் சொன்னதில்லை. எங்களிடம் மட்டும் ஏன்?

உங்கள் வார்டு கவுன்சிலருக்கு இதை அனுப்புங்கள். பதில் வந்தால் கீழே போடுங்கள். வராவிட்டாலும் போடுங்கள், அதுவும் எல்லோருக்கும் தெரியட்டும்.