வத்திராயிருப்பும் வைப்பாறும்

மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் வழியில், கிருஷ்ணன்கோவிலில் வத்திராயிருப்புச் சாலை பிரிகிறது. அங்கே நின்று மேற்கே நோக்கினால் மேகம் கவிந்த மலைத்தொடர் தெரியும். அம்மலையில் பெய்யும் மழைக்கும், தூத்துக்குடி ஜில்லாவின் கடற்கரையில் வலை வீசும் ஜனங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் வினவலாம்.

நிரம்பச் சம்பந்தம் உண்டு. இம்மலையில் பிறக்கும் பெரியாறும் (முல்லைப் பெரியாறு அன்று, பெயரில் மட்டுமே பெரிது) கோவிலாறும் பிளவக்கல் அணைகளில் தேங்குகின்றன. அந்நீர் 40 கண்மாய்களுக்குப் பாய்கிறது. மிஞ்சியது அர்ச்சுனா நதி வழியே சென்று, இருக்கன்குடி மாரியம்மன் சந்நிதியருகே வைப்பாற்றில் கலந்து, மன்னார் வளைகுடாவை அடைகிறது.

அவ்வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே நீரில் மூழ்கிவிட்டன. பவளப் பாறைகளைச் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்ததே முக்கிய காரணம். அலையைத் தடுத்த மதிலை நாமே இடித்தோம்! எஞ்சிய பவளமும் 2016-ல் கடல்நீரின் உஷ்ணம் தாளாமல் வெளுத்தது. தூத்துக்குடிக்கு அருகே கரைந்து வந்த வான் தீவைக் காக்கச் செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டியதாயிற்று.

உலகமெங்கும் நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் ஏறும் உஷ்ணத்தை வத்திராயிருப்பு வாசிகள் தனியே தணிக்க இயலாது. ஆனால் உஷ்ணம் ஏற ஏற, மழை ஒரேயடியாகக் கொட்டும் நாட்களும் பெருகுகின்றன. அந்த மழை கடலைச் சேர்வதற்குள் என்ன ஆகிறது என்பது பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது. காட்டில் உதிர்ந்த இலையும் வேரும் நீரை உறிஞ்சி, சிறிது சிறிதாக விடுகின்றன. கண்மாய் சேற்றைப் படியவைத்து, தெளிந்த நீரைக் கலிங்கு வழியே அனுப்புகிறது. இரண்டும் கெட்டால் செம்மண் வெள்ளம் நேரே கடலில் விழும். கலங்கிய நீரில் வெயில் படாமல் பவளம் நலியும். காட்டாற்றின் வேகத்தை இவ்வூரார் அறியாதவர்கள் அல்லர். 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளம் பக்தர்கள் சிலரின் உயிரைக் கொண்டு போயிற்று.

மலைக்கு இன்று காவல் இருக்கிறது. 1988-ல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயம் ஏற்பட்டது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. கடலுக்கும் தேசியப் பூங்கா உண்டு. நடுவிலிருக்கும் கண்மாய்களுக்குத்தான் புலியும் இல்லை, பவளமும் இல்லை! குடிமராமத்தை வற்புறுத்த அந்நிய சர்க்கார் 1858-ல் சட்டம் செய்தது. 2017-ல் நம் மாகாண சர்க்கார் அப்பெயரிலேயே திட்டம் வகுத்தது. நல்லதுதான். ஆயினும் கரையை உயர்த்திவிட்டு வரத்துக்காலைச் சீமைக்கருவேலுக்கு விட்டுவிட்டால், உயர்ந்த கரை எதைத் தேக்கும்?

வன இலாகா, நீர்வள இலாகா, மீன்வள இலாகா மூன்றும் வைப்பாற்றுக்கென ஒரே கணக்குப் புத்தகம் வைத்துக்கொள்ள வேண்டுமென்பது நமது கோரிக்கை. வருஷந்தோறும் ஐப்பசி மழைக்கு முன், பிளவக்கல் முதல் கழிமுகம் வரை அதிகாரிகள் சேர்ந்து ஒருமுறை நடந்து பார்க்கட்டும். கிராமத்தாரும் கடற்கரையாரும் உடன் வரட்டும்.