எம்பிஏ-வுக்கு 20 லட்சம் கடன்: கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

ஏப்ரல், மே மாதங்களில் பல வீடுகளில் நடக்கும் காட்சி இது. கேட் தேர்வு, நேர்முகம் எல்லாம் தாண்டி ஒரு பி-ஸ்கூலிலிருந்து மெயில் வருகிறது. சீட் உறுதி. சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போகிறது. மெயிலின் கடைசியில் முதல் தவணையைக் கட்ட வேண்டிய தேதி இருக்கும். பெரும்பாலும் அது இரண்டு வாரம்கூடத் தள்ளி இருக்காது. அன்று ராத்திரி அப்பா கேட்பார்: “லோன் கிடைச்சிரும்ல?”

கிடைத்துவிடும். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. கடன் கிடைக்குமா என்று நாம் படும் கவலையில் பாதியைக்கூட, அந்தக் கல்லூரி வாங்கித் தரும் சம்பளம் அந்தக் கடனைத் தாங்குமா என்பதில் படுவதில்லை. என்னைக் கேட்டால், ஐஐஎம்மில் கிடைக்கும் 25 லட்ச ரூபாய் சீட்டைவிட, அவ்வளவாகப் பெயர் தெரியாத தனியார் கல்லூரியின் 12 லட்ச ரூபாய் சீட்தான் பல குடும்பங்களுக்கு விலை அதிகம். ஏன் என்று கணக்குப் போட்டே பார்ப்போம்.

கட்டணம் ஒரு பாதிதான்

அகமதாபாத், பெங்களூரு, கொல்கத்தா போன்ற பழைய ஐஐஎம்களில் இரண்டாண்டுப் படிப்புக்கான கட்டணம் இன்று ரூ.25 லட்சத்தை ஒட்டியோ அதைத் தாண்டியோ இருக்கிறது. 2011-ல் தொடங்கிய திருச்சி ஐஐஎம்மில் சுமார் ரூ.20 லட்சம். மறுபக்கம், டெல்லி பல்கலைக்கழகத்தின் எஃப்எம்எஸ் இருக்கிறது. அங்கே இரண்டு ஆண்டுக்கும் சேர்த்தே ரூ.2.5 லட்சத்தை ஒட்டித்தான் ஆகும். அதே கேட் மதிப்பெண், கேம்பஸுக்கு வரும் பெரிய நிறுவனங்களும் ஏறக்குறைய அதேதான், கட்டணம் மட்டும் பத்தில் ஒரு பங்கு. (அதனால்தான் அங்கே சீட் கிடைப்பது குதிரைக்கொம்பு.) நம்மூரில் டான்செட் எழுதி அண்ணா பல்கலைக்கழகத் துறைகளிலோ அரசு கல்லூரிகளிலோ சேர்ந்தால் செலவு சில லட்சங்களுக்குள் முடிந்துவிடும்.

இந்த இரண்டு முனைக்கும் நடுவில்தான் பெரிய கூட்டமே நிற்கிறது. 8 லட்சம், 12 லட்சம், 15 லட்சம் என்று கேட்கும் தனியார் கல்லூரிகள். விளம்பரங்களும் அங்கிருந்துதான் அதிகம் வருகின்றன.

கட்டணத்தோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். ஓஎம்ஆரில் ஒரு ஐடி கம்பெனியில் ஆண்டுக்கு 7 லட்சம் சம்பளத்தில் இருக்கிறீர்கள், கைக்கு மாதம் 50 ஆயிரம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போனால் இரண்டு ஆண்டில் 12 லட்சம் வராமல் போகிறது. எந்தக் கல்லூரியின் கட்டண அட்டையிலும் இந்த வரி இருக்காது. ஆனால், 20 லட்ச ரூபாய் படிப்பு உங்களுக்கு 32 லட்ச ரூபாய் படிப்பாக மாறுவது இப்படித்தான்.

20 லட்சம் எப்படி 25 லட்சமாகிறது?

கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. மொராட்டோரியம் என்று சொல்வார்கள். தவணைதான் கிடையாது, வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். ‘மூணு வருஷம் ஃப்ரீ’ என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

எளிமைக்காக 10% வட்டி என்று வைப்போம். முதல் ஆண்டுத் தொடக்கத்தில் 10 லட்சம், இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் 10 லட்சம் என்று வங்கி விடுவிக்கிறது. முதல் 10 லட்சத்துக்கு மூன்று ஆண்டு தனிவட்டி 3 லட்சம், அடுத்த 10 லட்சத்துக்கு இரண்டு ஆண்டு வட்டி 2 லட்சம். முதல் இஎம்ஐ கட்டும் நாளில் உங்கள் கடன் 25 லட்சம்.

அதைப் பத்து ஆண்டில் கட்டினால் மாதம் சுமார் ரூ.33,000. மொத்தம் கட்டுவது ஏறக்குறைய 39.6 லட்சம். பதினைந்து ஆண்டு என்று நீட்டினால் மாதத் தவணை ரூ.27,000-க்குக் குறையும். ஆனால், மொத்தம் 48 லட்சத்தைத் தாண்டிவிடும். மாதம் ஆறாயிரம் மிச்சம் பிடிப்பதற்கான விலை எட்டு லட்சத்துக்கும் மேல்.

இங்கே பெற்றோரால் செய்ய முடிந்த ஒரு உதவி இருக்கிறது. ஓய்வுக்கால சேமிப்பை உடைத்துக் கட்டணம் கட்டுவதற்குப் பதில், படிக்கும் காலத்தில் வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டலாம். மேலே சொன்ன கணக்கில் முதல் ஆண்டு மாதம் எட்டாயிரத்துச் சொச்சம், அதன்பின் பதினாறாயிரத்துச் சொச்சம். இதைச் செய்தால் கடன் 20 லட்சத்திலேயே நிற்கும், இஎம்ஐ 26 ஆயிரத்துச் சொச்சத்துக்கு வரும். இப்படிக் கட்டுகிறவர்களுக்கு வட்டி விகிதத்தையே கொஞ்சம் குறைக்கும் வங்கிகளும் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். வேலை கிடைத்தபின் கையில் போனஸ் வரும்போது அசலில் போட்டுக் குறைக்கலாம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய கல்விக் கடனை முன்கூட்டியே அடைத்தால் வங்கி அபராதம் போட முடியாது.

‘ஆவரேஜ் பேக்கேஜ்’ என்ற மாயம்

சரி, 33 ஆயிரம் இஎம்ஐ அதிகமா, குறைவா? அது கைக்கு வரும் சம்பளத்தைப் பொறுத்தது. கல்லூரி சொல்லும் சம்பளத்தைப் பொறுத்தது அல்ல.

பிராஸ்பெக்டஸில் பெரிதாகப் போட்டிருப்பது சிடிசி. அதற்குள் பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்ஷூரன்ஸ், ‘பெர்ஃபார்மன்ஸ்’ பார்த்துத் தரும் தொகை என்று எல்லாம் இருக்கும். 20 லட்சம் சிடிசி என்றால் மாதம் கைக்கு 1.2 லட்சம் அளவில் வந்தால் நல்லது. போதாததற்கு, அவர்கள் காட்டுவது சராசரி. பத்துப் பேரில் ஒருவருக்கு 40 லட்சம், மற்ற ஒன்பது பேருக்கும் தலா 6 லட்சம் என்றால் சராசரி 9.4 லட்சம். அந்தச் சம்பளத்தை அந்த வகுப்பில் யாருமே வாங்கவில்லை!

அதனால் கேட்க வேண்டியது மீடியன். வரிசையில் நடுவில் நிற்கும் மாணவருக்கு என்ன கிடைத்தது என்பது. கூடவே எத்தனை பேர் பிளேஸ்மென்ட்டுக்குப் பதிவு செய்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்றும் கேளுங்கள். அகமதாபாத் ஐஐஎம் முன்னின்று உருவாக்கிய ஐபிஆர்எஸ் என்ற வரையறை இருக்கிறது. அதன்படி வேலைவாய்ப்பு அறிக்கையைத் தணிக்கை செய்து வெளியிடும் கல்லூரிகள் உண்டு. உங்கள் கல்லூரி அந்த மாதிரி அறிக்கை தருகிறதா என்று ஒரு மெயில் போட்டுப் பாருங்கள். பதிலுக்கு டாப்பர்களின் போட்டோ போட்ட போஸ்டர் வந்தால் புரிந்துகொள்ளலாம்.

இப்போது 12 லட்ச ரூபாய் கல்லூரிக்கு வருவோம். இந்த மாதிரிக் கல்லூரிகளுக்குப் பலர் வங்கியல்லாத நிதி நிறுவனங்களிடம்தான் போகிறார்கள், வட்டி கூடுதல். 12% என்று வைத்து மேலே போட்ட அதே முறையில் கணக்கிட்டால், தவணை தொடங்கும்போது கடன் 15.6 லட்சம். பத்து ஆண்டுக்கு இஎம்ஐ சுமார் ரூ.22,400. படித்து முடித்ததும் 7 லட்சம் சிடிசியில் வேலை கிடைக்கிறது. கைக்கு அதே 50 ஆயிரம். தவணை போக மிச்சம் 28 ஆயிரத்துக்கும் குறைவு. படிக்கப் போவதற்கு முன் முழு 50 ஆயிரமும் உங்களுடையதாக இருந்தது.

ஐஐஎம்காரருக்கு இஎம்ஐ 33 ஆயிரம். ஆனால், 1.2 லட்சத்தில் அது போனாலும் 87 ஆயிரம் மிச்சம். யாருடைய படிப்பு காஸ்ட்லி?

“எம்பிஏன்னா வெறும் சம்பளமா? நெட்வொர்க், எக்ஸ்போஷர் எல்லாம் இல்லையா?” என்று கேட்பீர்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால், மாதம் ஐந்தாம் தேதி கணக்கிலிருந்து எடுக்கப்படுவது ரூபாய்தான். என் அளவுகோல் கொஞ்சம் கறாரானது: அந்தக் கல்லூரியின் மீடியன் மாணவருக்குக் கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி இஎம்ஐ போகிறதென்றால், அந்த சீட் வேண்டாம்.

வீட்டுப் பத்திரம் கேட்கிறார்களா?

கல்விக் கடனில் பொதுவாக ரூ.7.5 லட்சம் வரை அடமானம் இல்லாமல் கிடைக்கும், அதற்கு மேல் சொத்து கேட்பார்கள். ஆனால், எல்லாக் கல்லூரிக்கும் இந்த விதி ஒன்றல்ல. எஸ்பிஐ-யின் ஸ்காலர் லோன் போன்ற திட்டங்களில், ஐஐஎம் மாதிரியான நிறுவனங்களில் சேர்கிறவர்களுக்கு அதைவிடப் பல மடங்கு தொகை வீட்டுப் பத்திரம் இல்லாமலேயே கிடைக்கிறது. வட்டியும் குறைவு. வங்கிகள் கல்லூரிகளைத் தரம் பிரித்துப் பட்டியல் வைத்திருக்கின்றன.

அந்தப் பட்டியல்தான் நமக்குக் கிடைக்கும் இலவச ஆலோசனை. உங்கள் கல்லூரிக்கு வங்கி வீட்டுப் பத்திரம் கேட்கிறது என்றால், அந்தப் படிப்பின் சம்பளத்தை மட்டும் நம்பிப் பணம் கொடுக்க அது தயாராக இல்லை என்று அர்த்தம். பணத்தைத் திரும்பப் பெறுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் நம்பாததை, நாம் அப்பா கட்டிய வீட்டை வைத்து நம்ப வேண்டுமா? இன்னும் நான்கு வருடத்தில் ரிட்டயர் ஆகப்போகும் அப்பாதான் இணைக் கடன்தாரர் என்பதையும் மறக்க வேண்டாம். தவணை தவறினால் அடிபடுவது இருவரின் சிபில் ஸ்கோரும்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டம் இந்த இடத்தில் உதவுகிறது. என்ஐஆர்எஃப் தரவரிசையின் அடிப்படையில் தேர்வான கல்வி நிறுவனங்களிலும் மத்திய அரசின் நிறுவனங்களிலும் இடம் கிடைத்தவர்களுக்கு, அடமானமோ ஜாமீனோ இல்லாமல் கடன். தொடக்கப் பட்டியலில் 860 நிறுவனங்கள் இருந்தன. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்து, வேறு அரசு உதவித்தொகையோ வட்டிச் சலுகையோ பெறாதவர் என்றால், ரூ.10 லட்சம் வரையான கடனுக்கு மொராட்டோரியம் காலத்தில் 3% வட்டி மானியம் உண்டு. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்குத்தான் என்பதால் எல்லோருக்கும் வந்துவிடாது. வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால், தகுதியுள்ள கல்லூரிகளில் தொழில்முறைப் படிப்பு படிப்போருக்கு அந்தக் காலத்தின் முழு வட்டியையும் அரசே ஏற்கும் தனித் திட்டம் இருக்கிறது. எதற்கும் வருமானச் சான்றிதழ் வேண்டும். மெயில் வரும்வரை காத்திருக்காமல், நேர்முகம் முடிந்த கையோடு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுவது புத்திசாலித்தனம்.

கடன் அல்லாத பணமும் இருக்கிறது. பட்டியலினத்தைச் சேர்ந்த, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் உள்ள மாணவர்களுக்கு, ஐஐஎம் உள்ளிட்ட அறிவிக்கப்பட்ட நிறுவனங்களில் படிக்க மத்திய அரசின் ‘டாப் கிளாஸ்’ உதவித்தொகை கட்டணத்தையே ஏற்கிறது. இடங்களுக்கு வரம்பு உண்டு. ஐஐஎம்கள் குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தங்கள் நிதியிலிருந்தும் உதவுகின்றன. சேர்ந்த பிறகு விண்ணப்பிக்க வேண்டியவை இவை. தகுதி இருந்தும் கூச்சப்பட்டு விண்ணப்பிக்காமல் விடாதீர்கள்.

“வரிச் சலுகை வருமே” என்று ஏஜென்ட்டுகள் சொல்வதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். 80இ என்று நாம் அறிந்த சலுகை, கட்டும் வட்டிக்கு எட்டு ஆண்டுகள்வரை கிடைப்பது உண்மை. ஆனால், அது பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். புதிய முறையில் மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டுக்கு ரூ.12.75 லட்சம் வரை வரியே இல்லை எனும்போது, அந்தச் சம்பளத்துக்குள் வேலை கிடைக்கும் ஒருவருக்கு 80இ-யால் ஆவது எதுவும் இல்லை.

பயமும் ஒரு செலவுதான்

இதுவரை படித்தவர்கள் ‘அப்போ கடனே வேண்டாம்’ என்று முடிவெடுத்தால் நான் சொன்னது தப்பாகப் போய்விட்டது என்று அர்த்தம். எதிர்த்திசைத் தவறும் நடக்கிறது. வீட்டில் முதல் பட்டதாரி, ஐஐஎம் சீட் கிடைக்கிறது. “இருபத்தஞ்சு லட்சமா? நம்மால ஆகுமா?” என்று குடும்பம் பயந்து, பக்கத்தில் 8 லட்சத்துக்கு ஒரு கல்லூரியில் சேர்த்துவிடுகிறது. அந்த 8 லட்சத்துக்கு நகையும் நிலமும் போகிறது. அந்த 25 லட்சமோ அடமானமே இல்லாமல் கிடைத்திருக்கும். பெண் பிள்ளைகள் விஷயத்தில் இந்தப் பயத்தோடு ‘கல்யாணத்துக்கு அப்புறம் கடனை யாரு கட்டுறது’ என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. அவள்தான் கட்டுவாள், அவள் சம்பளத்தில்!

நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு வேறு வழிகளும் இருக்கின்றன. பதவி உயர்வுக்குப் பட்டம் மட்டும்தான் தேவை என்றால், இக்னோவில் ஒரு லட்ச ரூபாய்க்குள் எம்பிஏ முடிக்கலாம், வேலையையும் விட வேண்டாம். பெரிய நிறுவனத்தில் இருந்தால், படிக்க அனுப்பும் திட்டம் இருக்கிறதா என்று எச்.ஆரிடம் கேட்கலாம். திரும்பி வந்து எத்தனை வருடம் வேலை பார்க்க வேண்டும் என்ற பாண்டை மட்டும் கவனித்துப் படியுங்கள். இல்லையென்றால் இன்னும் ஒரு நவம்பர் காத்திருந்து கேட் எழுதலாம். அந்த ஓராண்டும் சம்பளம் வரும், அனுபவமும் கூடும்.

சீட்டை ஏற்கிற தேதிக்குள் செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. லிங்க்ட்இன்னில் அந்தக் கல்லூரியில் போன வருடம் முடித்த நான்கைந்து பேரைத் தேடுங்கள். கல்லூரியின் போஸ்டரில் இருப்பவர்களை விட்டுவிடுங்கள். உங்களைப் போலவே ஐடியிலிருந்து போனவர்களாகப் பார்த்து மெசேஜ் அனுப்புங்கள். பிளேஸ்மென்ட் எப்படி என்று கேட்டால் “நல்லாத்தான் இருக்கு ப்ரோ” என்றுதான் வரும். “இஎம்ஐ போக மாசம் கையில எவ்வளவு நிக்குது?” என்று கேளுங்கள்.