கரையோரத்துக் கேள்விகளும் கூர்ப்பு உயிரியல் ஆய்வும்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும்போதெல்லாம் மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரையான பிரதான வீதியின் இருமருங்கும் வாழ்த்துப் பதாகைகளால் நிறைந்துவிடுவது வழமை. மருத்துவ பீடத்துக்குத் தெரிவானோரின் படங்கள் அவற்றில் முதலிடம் பெறும். பொறியியல் பீடத்துக்குத் தெரிவானோர் அடுத்த இடத்தில் இருப்பர். அதே உயிரியல் பிரிவில் தோற்றி, சில புள்ளிகளால் மருத்துவத்தைத் தவறவிட்டு விஞ்ஞான பீடத்துக்குச் செல்லும் மாணவருக்குப் பதாகை கிடையாது. ஆறுதல் வார்த்தைகளே கிடைக்கின்றன. பட்டத்துடன் ஊர் திரும்பும்போது அவரிடம் கேட்கப்படும் கேள்வியும் ஒன்றே: ஆசிரியர் நியமனம் எப்போது?

இந்நிலையில், ஆய்வை மையமாகக் கொண்ட பட்டப்பின் படிப்பொன்றை மேற்கொள்ளப் போவதாக ஒரு மாணவி வீட்டில் கூறினால் அதுவே வியப்புக்குரியது. துறை கூர்ப்பு உயிரியல் என்று அறியவந்தால் இரண்டு ஆட்சேபங்கள் உடனே எழும். இதனால் என்ன தொழில் கிடைக்கும் என்பது ஒன்று. இது மார்க்கத்துக்கு முரணான படிப்பல்லவா என்பது மற்றையது. இரண்டுமே அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாதவை. எனினும் அவற்றுக்கு விடை தேடுமுன், இத்துறை உண்மையில் எதை ஆராய்கின்றது என்பதை எமது கரையோரத்திலிருந்தே நோக்குவது பொருத்தமானது.

டெங்கு நுளம்பு நன்னீரிலேயே பெருகும் என்பது நீண்டகாலமாக எமக்குச் சொல்லப்பட்டு வந்த பாடம். 2011ஆம் ஆண்டில் ரஞ்சன் ராமசாமியும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையின் எஸ்.என். சுரேந்திரனும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பங்களிப்புடன் வெளியிட்ட ஆய்வு இப்பாடத்தைத் திருத்தியது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு மாவட்டங்களின் கரையோரங்களில் கைவிடப்பட்ட கிணறுகளிலும் படகுகளிலும் வீசப்பட்ட கொள்கலன்களிலும் தேங்கியிருந்த உவர்நீரில் டெங்கு பரப்பும் நுளம்புகளின் குடம்பிகள் வளர்வதை அவர்கள் கண்டனர். அதன்பின் 2014இல் வெளியான யாழ்ப்பாண ஆய்வொன்றில் உவர்நீரிலிருந்து பெறப்பட்ட நுளம்புகளும் நன்னீரிலிருந்து பெறப்பட்டவையும் ஒப்பிடப்பட்டன. முன்னையவற்றின் குடம்பிகளுக்கு உப்பைத் தாங்கும் திறன் அதிகமாயிருந்தது.

இதில் கூர்ப்பு எங்கே வருகின்றது என்று வாசகர் கேட்கக்கூடும். நன்னீர் தேங்கும் இடங்களை மட்டும் நாம் துப்புரவு செய்து, மருந்திட்டுக் கொண்டிருந்தால், உப்பைத் தாங்கக்கூடிய சிறுபான்மை தப்பிப் பெருகுவதற்கு நாமே வழிவிட்டவர்களாவோம். தப்பியவற்றின் சந்ததியே அடுத்த மாரியில் எமது வீடுகளுக்குள் வரும். இயற்கைத் தேர்வு என்று பாடநூல் கூறுவது இதனைத்தான். நாடு முழுவதும் 186,000க்கும் அதிகமானோர் டெங்கினால் பாதிக்கப்பட்டதாகப் பதிவான 2017ஆம் ஆண்டை மறந்துவிட முடியாது. 2004 டிசம்பர் 26இல் கடல் புகுந்து கிணறுகளை உவர்ப்பாக்கிச் சென்ற ஒரு கரையோரத்துக்கு இது ஏட்டுப் பிரச்சினையல்ல.

நுளம்பை விட்டு வயலுக்கு வருவோம். கல்ஓயாத் திட்டத்தின் நீரில் விளையும் அம்பாறை மாவட்டத்து விவசாயிக்கு அறக்கொட்டியின் சேதத்தை விளக்க வேண்டியதில்லை. கபிலநிறத் தத்தி என்று விவசாயத் திணைக்களம் குறிப்பிடும் இப்பூச்சிக்கு எதிராகப் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1973இல் ஐ.ஆர்.26 என்ற இனத்தை அறிமுகப்படுத்தியது. எதிர்ப்புச் சக்தி கொண்ட ஒரே ஒரு பரம்பரை அலகை அது நம்பியிருந்தது. சில வருடங்களுக்குள் அதனையும் தாக்கக்கூடிய தத்திகள் பெருகிவிட்டன. பின்னர் 1976இல் வந்த ஐ.ஆர்.36 தமிழ்நாட்டின் அம்பாசமுத்திரத்தில் உருவான ஏ.எஸ்.டி.7 நெல்லில் அறியப்பட்ட வேறொரு பரம்பரை அலகைக் கொண்டிருந்தது. அதற்கும் பூச்சி ஈடுகொடுத்தது. மூன்றாவது தடுப்பரண் எமது நாட்டின் பாரம்பரிய நெல்லான ரத்து ஹீனட்டியிலிருந்து கிடைத்தது. 2015இல் சீன விஞ்ஞானிகள் அந்நெல்லின் எதிர்ப்புச் சக்திக்குக் காரணமான மூன்று பரம்பரை அலகுகளின் தொகுதியை இனங்கண்டனர். நெல் எங்கள் மண்ணினது. பூச்சி எங்கள் வயலிலும் உள்ளது. ஆய்வுக் கட்டுரையோ வேறு நாட்டினது.

மலேரியா வரலாறும் இதே கதைதான். 1963இல் 17 நோயாளர்கள் என்ற அளவுக்கு இறங்கிய நோய், 1960களின் இறுதியில் இலட்சக்கணக்கானோரைப் பீடித்தது. கண்காணிப்புத் தளர்ந்ததே அதன் முதற்காரணம் எனினும், நுளம்பு டி.டி.ரி.க்கு எதிர்ப்புச் சக்தி பெற்றமை மீட்சியைக் கடினமாக்கியது. மலேரியா அற்ற நாடென்ற உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழை 2016 வரை காத்திருந்தே பெற்றோம்.

இனி, மார்க்கம் சார்ந்த ஆட்சேபம். மனிதனின் தோற்றம் பற்றிய நம்பிக்கை முஸ்லிம்களுக்கு உயிரினும் மேலானது என்பதை மறுப்பதற்கில்லை. அதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி கலைப்பீடத்தில் படித்த பத்திரிகையாளனுக்கு இல்லை. ஆனால் மேலே கூறிய ஆய்வுகளுள் எதுவும் அந்தக் கேள்வியைத் தொடவில்லை என்பதை அவதானிக்க வேண்டும். ஜோர்தானின் ஹாஷிமைட் பல்கலைக்கழகத்தில் மூலக்கூற்று உயிரியல் கற்பிக்கும் ரனா தஜானி, முஸ்லிம் மாணவர்களுக்குத் தான் கூர்ப்பைக் கற்பிப்பது ஏன் என்று 2015இல் 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினார். விசுவாசமுள்ள முஸ்லிமாக இருந்துகொண்டே அவர் அதனைச் செய்கிறார். ஒன்பதாம் நூற்றாண்டில் பஸ்ராவின் அல்-ஜாஹிழ் விலங்குகளைப் பற்றிப் பெருநூல் எழுதினார் என்பதை வைத்து டார்வினுக்கு முன்பே எல்லாம் எங்களிடம் இருந்தது என்று பெருமை பேசுவது மிகை. தசாவதாரத்தில் கூர்ப்பைக் காணும் எமது இந்துச் சகோதரர்களின் பெருமையும் அவ்வாறானதே. துருக்கி 2017இல் இப்பாடத்தை உயர்நிலைப் பாடத்திட்டத்திலிருந்து அகற்றத் தீர்மானித்தது. இந்தியாவின் தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் கழகம் 2023இல் பத்தாம் வகுப்புப் பாடநூலிலிருந்து நீக்கியது. அச்சம் ஒரு மதத்துக்கு மட்டும் உரியதல்ல. எமது உயர்தர உயிரியல் பாடத்திட்டத்தில் கூர்ப்பு இருக்கின்றது. புள்ளிக்காக மனனம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும் பாடமாக அது இருப்பதே கவலைக்குரியது.

தொழில் பற்றிய ஆட்சேபமே கடினமானது. வார இறுதி விரிவுரைகளுடன் முடியும் முதுமாணிப் பட்டத்துக்குப் பதவி உயர்வுச் சந்தையில் விலை உண்டு. முதுதத்துவமாணி அப்படியல்ல. ஒரு கேள்வி, ஒரு மேற்பார்வையாளர், குறைந்தது இரண்டு வருடங்கள், இறுதியில் ஓர் ஆய்வேடும் வாய்மொழிப் பரீட்சையும். வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் குடம்பிக்கு ஒன்றுதான். கற்பித்துக்கொண்டே செய்யலாம் என்போர் நுளம்பு வளர்த்தறியாதவர்கள். இப்படிப்பு உடனடி வருமானம் தரும் என்று கூறி எவரையும் இழுக்கக் கூடாது; தேசிய விஞ்ஞான மன்றம் போன்றவற்றின் ஆய்வுத் திட்டங்களில் உதவியாளராகச் சேர்ந்து பட்டத்துக்குப் பதிவு செய்வதே பலருக்குக் கிடைக்கும் வழி.

இங்கேதான் எமது பிரதேசத்தின் பொறுப்பு எழுகின்றது. மறைந்த தலைவர் எம்.எச்.எம். அஷ்ரபின் முயற்சியால் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, மறுவருடம் முழுமையான பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் உள்ளது. வயல்வெளி அதன் வாசலில். கடலும் களப்பும் சற்றுத் தொலைவில். பேராதனைக்குப் போய்வர ஒரு பகற்பொழுது தேவைப்படும் மாணவிக்கு, அதிலும் கல்முனை மஹ்மூத் மகளிர் கல்லூரி போன்ற பாடசாலைகளிலிருந்து உயிரியல் படித்து வரும் பெண்பிள்ளைகளுக்கு, வீட்டிலிருந்தே செய்யக்கூடிய ஆய்வு என்பது சிறிய சலுகையல்ல. குடம்பி சேகரிப்பது பகல் வேலை. உப்பின் அளவு பார்க்கும் கருவி விலையுயர்ந்ததல்ல. பரம்பரை அலகுப் பரிசோதனைக்கு மட்டும் யாழ்ப்பாணத்துடனோ பேராதனையுடனோ இணைந்து செயற்பட்டால் போதும்.

புலமைப்பரிசில் வழங்கும் நம்பிக்கை நிதியங்களும் பள்ளிவாசல் சம்மேளனங்களும் வெளிநாட்டிலுள்ள எமது தனவந்தர்களும் மருத்துவ மாணவருக்கு உதவுவதை நிறுத்த வேண்டுமென்று எவரும் கோரவில்லை. அப்பட்டியலில் வருடத்துக்கு ஓர் ஆய்வு மாணவரின் இரண்டு வருட மாதாந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆய்வின் முதற்தலைப்பாகப் பெரியநீலாவணை முதல் நிந்தவூர் வரை கரையோரத்துக் கைவிடப்பட்ட கிணறுகளின் உவர்ப்பும் அவற்றிலுள்ள குடம்பிகளும் இருக்கலாம். கிணறுகளுக்குக் குறைவில்லை.