கைக்குழந்தையின் அப்பாவை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்புங்கள்

பாலக்காட்டுப் பெருமக்களுக்கு, கல்பாத்தி கிராமங்களில் சிறு குழந்தைகளை வளர்த்துவரும் பெற்றோர்கள் எழுதிக்கொள்வது.

வீட்டில் தொட்டில் கட்டியதும் அப்பாவின் வேலை நேரம் நீண்டுவிடுகிறது. ஆஸ்பத்திரிச் செலவும் மருந்துச் செலவும் ஏறும் அதே மாதத்தில், பல வீடுகளில் அம்மாவின் சம்பளமும் நின்றுபோகிறது. கஞ்சிக்கோட்டில் தொழிற்சாலைக்குப் போகிறவர் ஓவர்டைம் கேட்டு வாங்குகிறார். சட்டப்படி அதற்கு இரட்டைச் சம்பளம், விட மனம் வருமா? வாளையார் தாண்டிக் கோவைக்குப் போய்வருகிறவர் கிளம்பும்போதும் குழந்தை தூங்குகிறது, திரும்பும்போதும் தூங்குகிறது. எங்கள் தெருவில் ஏழு மாதக் குழந்தை ஒன்று, ஞாயிற்றுக்கிழமை அப்பா தூக்கியதும் வேற்றாளைக் கண்டதுபோல் வீறிட்டு அழுதது. பாட்டி கையில் கொடுத்துவிட்டு அவர் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், தங்கள் வீட்டு வேலைகளைச் செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். ஆண்களுக்கு மனமில்லை என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. 2017 மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், அந்தச் சட்டத்தின் கீழ் வரும் அம்மாவுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு தந்தது. மத்திய அரசு ஊழியரான அப்பாவுக்கு 15 நாள் உண்டு. தனியார் வேலையில் இருக்கும் அப்பாவுக்குச் சட்டம் ஒரு நாளும் தரவில்லை. ஸ்வீடன் 1974-லேயே குழந்தை வளர்ப்பு விடுப்பை அப்பாக்களுக்கும் கொடுத்துவிட்டது.

ஓவர்டைமை நம்பிக் குடும்பம் நடத்துகிறவரிடம் 'சீக்கிரம் வீட்டுக்குப் போ' என்று வெறுமனே சொல்வது நியாயமில்லை. ஆகவே தொழிற்சாலை, கடை, அலுவலகம் நடத்துவோரைக் கேட்கிறோம்: பிரசவத்துக்கு முன்பணம் கொடுத்துச் சம்பளத்தில் தவணையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு ஒரு வயதாகும்வரை அப்பாவுக்கு இரவு ஷிப்ட் போடாதீர்கள். கல்பாத்தியின் ஐப்பசித் தேர்த் திருவிழாவுக்கு முகம் சுளிக்காமல் லீவு கொடுக்கிறீர்கள். 6, 10, 14-ஆம் வாரத் தடுப்பூசி நாட்களுக்கும் அப்படியே கொடுங்கள்.

விடுப்பு உள்ள அப்பாக்களே, அதை முழுதாக எடுங்கள். வீட்டுப் பெரியவர்களே, துணி அலசும் மகனையும் மாப்பிள்ளையையும் பார்த்து 'ஆம்பிளை செய்யற வேலையா இது' என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

இதைப் பற்றிப் பேச எந்த நிறுவனம் அழைத்தாலும் நாங்கள் வருகிறோம், அம்மாக்களும் அப்பாக்களுமாக.