நீல மாத்திரையின் கதை

சென்ற கார்த்திகைத் தீபத்தன்று மலையை வலம் வந்த கூட்டத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தியும் இருந்தாள். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். நிருதி லிங்கத்தை எட்டுவதற்குள்ளாகவே அவள் சாலையோரம் உட்கார்ந்துவிட்டாள். அறுபது வயதுப் பாட்டி ஒருத்தி "அரோகரா" சொல்லிக்கொண்டு அவளைத் தாண்டிப் போனாள். பதினைந்து வயதுப் பெண்ணோ மார்பைப் பிடித்துக்கொண்டு, "நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, ஸார்" என்றாள். முகம் வெளுத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் பார்த்ததில் இருதயத்தில் யாதொரு கோளாறும் இல்லை. இரத்தந்தான் குறைவு என்றார்கள். மறுவாரம் பள்ளித் தோட்டத்து வேப்பமரத்தடியில் குப்பையைக் கிளறியபோது, நீல நிற மாத்திரைகள் ஒரு கைப்பிடி அகப்பட்டன. வாரந்தோறும் சர்க்கார் அனுப்ப, நானே என் கையால் கொடுத்து வருபவை! "விழுங்கியாயிற்றா?" என்று கேட்பேன்; "ஆயிற்று, ஸார்" என்று வகுப்பே ஒரு குரலாகச் சொல்லும். மாத்திரையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அப்படிச் சொல்லும் வித்தை இத்தனை வருஷ உத்தியோகத்தில் எனக்குப் புலப்படவில்லை.

கோபித்துக்கொண்டு என்ன பயன்? வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுக்கிறது என்கிறார்கள், அது உண்மைதான். ஆகவே மறுநாள் பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த மாத்திரையின் பூர்வோத்தரத்தைச் சொன்னேன்.

அதில் இரும்புச் சத்தும் போலிக் அமிலமும் இருக்கின்றன. பெயரில்தான் 'போலி', சரக்கு அசல். இலை என்னும் பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நம் கீரைகளில் உள்ள சத்துத்தான். அதை ரசாயன முறையில் ஆக்கிக் காட்டிய கோஷ்டிக்குத் தலைவர், சென்னையில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் மூன்றாவது தடவையில்தான் தேறினார். சென்னை வைத்தியக் கல்லூரியில் படிக்கும்போது, காந்தியடிகளின் சொல்லுக்கிணங்கி, ரண சிகிச்சை அறைக்கும் கதர் அங்கியே அணிந்து சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துப் பரீட்சையை நன்றாக எழுதியும், எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக அதற்குத் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. அதற்கிடையில் 'ஸ்ப்ரூ' என்னும் கிராணி நோய் அவருடைய சகோதரர் இருவரை அடுத்தடுத்துக் கொண்டுபோயிற்று. உண்ட உணவின் சத்து உடம்பில் ஒட்டாமல், இரத்தம் சுண்டிப்போகும் வியாதி அது. பின்னர் அவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். 1945-ல் லெடர்லி ஆராய்ச்சிச் சாலையில் அவருடைய கோஷ்டி போலிக் அமிலத்தைச் செய்து முடித்தது. அந்தக் கிராணிக்கும் அது மருந்தாயிற்று. தம்மவர் இருவரைப் பறிகொடுத்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

இனி, மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது? இரத்தத்தின் சிவப்பணுக்கள் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் பிறக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 120 நாள் உழைத்துவிட்டு மடிகிறது. ஈடுகட்ட விநாடிக்குச் சுமார் 20 லட்சம் புதிதாகப் பிறந்தாக வேண்டும். உடம்பில் பிராணவாயு குறைந்தால், மூத்திரக்காய் 'எரித்ரோபாயிட்டின்' என்னும் ரசத்தை இரத்தத்தில் கலந்து விடுகிறது. மஜ்ஜை அணுக்களின் மேலுறையில் அதை வாங்கிக்கொள்வதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது, ஏற்பி என்பார்கள். தபால்காரர் வீட்டுக்குள் நுழைவதில்லையல்லவா? வாசலில் கடிதத்தை வாங்கியவர் உள்ளே சேதி சொல்வதுபோல, ஏற்பியும் "பெருகுங்கள்" என்று அணுவுக்குள் தெரிவிக்கிறது. ஆனால், விருந்தாளி வருகிறார் என்று கடிதம் வந்தென்ன, பானையில் அரிசி இல்லாவிட்டால்? இரும்பு இல்லையென்றால் அணுக்கள் சிறுத்து வெளுக்கின்றன. போலிக் அமிலம் இல்லையென்றால் பிரிந்து பெருகமாட்டாமல் ஊதிப் பருத்து, பல மஜ்ஜையிலேயே அழிகின்றன.

இரத்தத்தின் குறையை இருதயம் ஏற்றுக்கொள்கிறது. கொஞ்ச இரத்தத்தையே விரைந்து விரைந்து சுற்றிவரச் செய்கிறது. இருதய அணுக்களின் வாசலிலும் ஏற்பிகள் உண்டு. அங்கே அட்ரினலின் வகை ரசங்கள் வந்து "இன்னும் வேகமாக" என்கின்றன. இத்தகைய ஏற்பிகளின் அமைப்பையும் வேலையையும் விளக்கியதற்காகவே 2012-ல் லெப்கோவிட்ஸ், கோபில்கா இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வாசலில் வந்த சேதியை உள்ளே பரப்பும் பொருள், ஏ.டி.பி. என்னும் வஸ்துவிலிருந்து உண்டாகிறது. இருதயத் தசை சுருங்குவதற்கு வேண்டிய சக்தியும் அதே ஏ.டி.பி.தான், கைவசமிருப்பது சில விநாடிகளுக்கே போதும், ஓயாமல் ஆக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஜெர்மனியில் லோமான் கண்டறிந்த அந்த வஸ்துவை, அதே 1929-ஐ ஒட்டி ஹார்வர்டில் பிஸ்கேயுடன் சேர்ந்து தனியாகக் கண்டவரும் நம் சுப்பாராவே. இரத்தச் சோகை முற்றி நீடித்தால், கோளாறில்லாத இருதயமும் களைத்துத் தளர்ந்துவிடும். கிரிவலத்தில் உட்கார்ந்த பெண்ணின் படபடப்பு அதற்கு முன்னறிவிப்பு.

சுப்பாராவுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. 1948 ஆகஸ்டு மாதம், 53-வது வயதில், இரவு உறங்கியவர் காலையில் எழுந்திருக்கவில்லை. இருதயம் நின்றுவிட்டது.

வகுப்பில் சிறிது நேரம் சப்தமில்லை. சாப்பிட்ட பிறகு மாத்திரையைப் போட்டுக்கொண்டால் வயிற்றைப் புரட்டுவது குறையும், கூடவே காப்பியோ டீயோ குடித்தால் இரும்பு உடம்பில் சரியாக ஒட்டாது, நெல்லிக்காய் தின்றால் நன்கு ஒட்டும் என்றெல்லாம் சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். முதல் வரிசையில் அந்தப் பெண்தான் இருந்தாள். அரைப் பரீட்சையில் கணக்கில் அவளுக்கு வந்த மார்க்கை இங்கே எழுதப் போவதில்லை.

"ஸார், அவர் நிஜமாகவே மூன்றாவது தடவையிலா பாஸ் பண்ணினார்?" என்று கேட்டாள்.

"ஆமாம், அம்மா."

மாத்திரையை வாங்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். பிறகு, நான் கேட்பதற்கு முன்பே, வாயை அகலத் திறந்து காட்டினாள்.