வாட்டம்

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் புளோக்குக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் நடுவே ஒரு புல்வெளி. சிமெண்டுப் பாதை அதைச் சுற்றிக்கொண்டு போகும். வேலைக்கு ஓடுகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் குறுக்கே நடந்து நடந்து, புல் தேய்ந்து ஒற்றையடிப் பாதை விழுந்துவிட்டது. டிசம்பர் மழையில் அது சேறானது. சேற்றை மிதிக்க மனமில்லாமல் எல்லாரும் ஓரம் ஒதுங்கி நடந்தோம். ஓரத்துப் புல்லும் போயிற்று. மழைக்காலம் முடிவதற்குள் பாதை மூன்று மடங்கு அகலமாகிவிட்டது.

போன மாதம் அந்தத் தடத்திலேயே புதுப் பாதை போட ஆள் வந்தது. புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் மண்டியிட்டு, பலகைமேல் ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குமிழி நடுவில் நிற்கவில்லை.

“மட்டமா இல்லையே தம்பி?”

“இருக்கக் கூடாதுண்ணே. வாட்டம் குடுக்கணும். தண்ணி குறுக்கால இறங்கி ஓடிரணும். பாதையோட சேந்து நடந்து வரக் கூடாது.”

வயலுக்கு மடை திறந்து பழகிய கை. காட்டுக்குள் நடைபாதை அமைப்பவர்கள் முதலில் கற்பதும் இதைத்தான். மேட்டில் நேராக ஏறும் பாதை மழையில் ஓடையாகிவிடும். அதனால் சரிவின் குறுக்காக, மலையை அணைத்தபடி பாதை போக வேண்டும். பாதையின் ஏற்றம் அந்தச் சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பள்ளத்துப் பக்கம் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். இடையிடையே சின்னத் தாழ்வு விட்டால் நீர் வேகம் பிடிப்பதற்குள் வெளியே வடிந்துவிடும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் தீவில் இதைத் தவறவிட்டால் கல்லும் வேரும்தான் மிஞ்சும்.

புக்கிட் தீமாவில் அதுதான் நடந்தது. 163 மீட்டர் உயரமே உள்ள குன்று. அதன்மேல் ஓயாமல் ஏறும் கால்கள். மண் அரித்து மரவேர்கள் வெளியே வந்தன, சரிவுகளும் தளர்ந்தன. தேசியப் பூங்காக் கழகம் 2014 செப்டம்பரில் அதை மூடியது. முழுமையாகத் திறந்தது 2016 அக்டோபரில். மூடியபோது எனக்கு வருத்தம்தான். திறந்தபின் போய்ப் பார்த்தபோது வருத்தம் தீர்ந்தது. பல இடங்களில் பலகைப் பாதையைத் தரையிலிருந்து தூக்கிக் கட்டியிருந்தார்கள். நம் கால் மேலே போகிறது; கீழே சருகு மக்குகிறது, விதை முளைக்கிறது, சின்ன விலங்குகள் தடையின்றிக் கடக்கின்றன. குனிந்து பார்த்தேன். நான் நின்ற பலகைக்கு அடியிலேயே விரல் நீளக் கன்று ஒன்று இரண்டு இலை விட்டிருந்தது.

பழைய ரயில் பாதைத் தடத்துக்கு வேறு பாக்கியம். 2011ல் மலாயா ரயில் நின்ற பிறகு கிடைத்த 24 கிலோமீட்டர் அது. ரயிலுக்குச் செங்குத்து ஆகாது என்பதால் மெல்லிய ஏற்ற இறக்கத்தில் போட்டது. முட்டி வலிக்காரரும் சக்கர நாற்காலிக்காரரும் இன்று அதன் பலனை அனுபவிக்கிறார்கள்.

இப்போது என் மனமெல்லாம் காத்திப் போங்சுவில் இருக்கிறது. ஈசூனின் வடகிழக்கு ஓரத்தில் அலையாத்தி மரங்களும் கைவிடப்பட்ட இறால் குட்டைகளும் உள்ள இடம். சுமார் 40 ஹெக்டரில் இயற்கைப் பூங்கா அமையும் என்று 2022ல் அறிவித்தார்கள். மகிழ்ச்சி. ஆனாலும் ஒரு வேண்டுகோள். சேற்று நிலத்துக்கு வாட்டம் கொடுக்க முடியாது. அலை ஏறும், இறங்கும், அதன் வழியை அதுவே பார்த்துக்கொள்ளும். ஒரு கரையில் உயர்ந்த பலகைப் பாதை, பறவை பார்க்க ஒரு மறைவிடம், அது போதும். மறுகரைக்குப் பாலம் வேண்டாம். அங்கே கொக்கும் நாரையும் நிற்கட்டும், நாம் இந்தப் பக்கம் நின்று பார்ப்போம்.