பகிடிக்கு யுனிகோட், பாடத்துக்குப் பாமினியா?



பதிவு கொஞ்சம் நீளம். அதிபர்மார், ஆசிரியர்மார், பள்ளிவாசல் நிர்வாகிகள், கழகத் தம்பிமார், கொமியூனிகேஷன் கடை நடத்தும் சகோதரர்கள் எல்லோரும் கடைசி வரை வாசித்துவிட்டு எங்களைத் திட்டுங்கள்.

ஊரில் எங்களுக்குக் "கொம்பியூட்டர் பைத்தியங்கள்" என்று பெயர். பாடசாலை விட்டால் பழைய லெப்டொப்பில் லினக்ஸ் போட்டுப் பார்ப்பது, பழுதான போனைக் கழற்றிப் பூட்டுவது, புதிய செயலி வந்தால் அன்றைக்கே இறக்கிப் பார்ப்பது என்று திரியும் நாலைந்து ஆசிரியர்கள் நாங்கள். அதனால் யாருக்காவது ஒரு கோப்பு திறக்கவில்லை என்றால் பென் டிரைவ் எங்கள் கைக்குத்தான் வரும். இத்தனை வருடமாக அவற்றைத் திறந்து பார்த்ததில் ஒன்று விளங்குகிறது. நம் ஊர்த் தமிழைத் தின்பது வைரஸ் அல்ல, பாமினி.

கோபிக்க வேண்டாம். பாமினி செய்த உதவியை நாங்கள் மறுக்கவில்லை. கணினியில் தமிழ் எழுத ஒழுங்கான வழி இல்லாத காலத்தில் கலியாணக் கார்ட், பத்திரிகை, பரீட்சைத் தாள் எல்லாவற்றையும் தூக்கிச் சுமந்தது அதுதான். ஆனால் பாமினியில் அடிப்பது கணினிக்குத் தமிழ் அல்ல. "அம்மா" என்று அடித்தால் உள்ளே பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து விசைகள்தான். பாமினி எழுத்துரு என்ற முகமூடியைப் போட்டால் மட்டும் அம்மா தெரிவா. அந்த முகமூடி இல்லாத கணினியில், போனில், மின்னஞ்சலில் அது வெறும் ஆங்கிலக் கிறுக்கல்.

யுனிகோட் அப்படியல்ல. அதில் 'அ' என்றால் உலகம் முழுக்க 'அ'தான். 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. விண்டோஸ் 2000இலேயே லதா எழுத்துரு வந்துவிட்டது. நம் நாடும் 2008இல் எஸ்.எல்.எஸ். 1326 என்று தமிழுக்கான தரநிலையை வெளியிட்டது. இன்று நீங்கள் வாட்ஸ்அப்பில் "மச்சான், எங்க நிக்கிறாய்?" என்று அடிப்பதும் யுனிகோட்தான். மச்சானோடு பகிடி விட யுனிகோட் வேண்டும், பிள்ளைகளின் பாடத்துக்குப் பாமினி போதும். இது என்ன நியாயம்?

"வாசிக்க முடிகிறதுதானே, இதில் என்ன நட்டம்?" என்று கேட்பீர்கள். நட்டத்தை எண்ணிக் காட்டுகிறோம்.

முதலாவது நட்டம் பார்வை குறைந்த பிள்ளைகளுக்கு. என்.வி.டி.ஏ. என்று ஒரு திரைவாசிப்பு மென்பொருள் இருக்கிறது, முற்றிலும் இலவசம். பார்வையற்றவரான மைக்கேல் கரன் என்ற அவுஸ்திரேலியர் 2006இல் தொடங்கியது. திரையில் உள்ள தமிழை அது வாசித்துக் காட்டும். அன்ட்ரொயிட் போனில் டோக்பேக் இருக்கிறது, அதற்கும் காசு இல்லை. எங்களிடம் படிக்கும் பார்வை குறைந்த மாணவி ஒருத்தி தன் போனில் யுனிகோட் தமிழைக் காதால் கேட்டே படிக்கிறாள். ஆனால் நாம் கொடுக்கும் வரலாற்றுக் குறிப்பு பாமினி. அதைத் திறந்தால் போன் அவளுக்கு "எம், கே, கே, எச்" என்று உளறுகிறது. அந்தப் பிள்ளைக்கு அல்லாஹ் அறிவைக் கொடுத்திருக்கிறான், உலகம் கருவியைக் கொடுத்திருக்கிறது. இடையில் கதவைச் சாத்தியது யார்? நாம்தான்.

இரண்டாவது நட்டம் ஆசிரியர்களின் உழைப்பு. இரவு விழித்திருந்து தவணைப் பரீட்சைத் தாள் தயாரிக்கிறோம். பத்து வருடத் தாள்கள் ஒரே கோப்புறையில் இருந்தும், "நீர்ப்பாசனம்" பற்றி முன்பு கேட்ட வினாக்களைத் தேடினால் ஒன்றும் வராது. கணினிக்கு அங்கே நீர்ப்பாசனம் என்ற சொல்லே இல்லையே! ஆகவே அதே வினாவைத் திரும்ப அடிக்கிறோம், கடைக்குத் திரும்பக் காசு கொடுக்கிறோம். அடுத்த பாடசாலை டீச்சர் கேட்டால் போனுக்கு அனுப்பவும் முடியாது, போட்டோ எடுத்துத்தான் அனுப்ப வேண்டும்.

மூன்றாவது, அவசர நேரம். "ஓ நெகட்டிவ் இரத்தம் தேவை" என்ற அறிவித்தல் வருகிறது. கடையில் பாமினியில் அடித்துப் படமாக்கியது. அதில் உள்ள இலக்கத்தைப் பல போன்களில் நேரடியாகத் தொட்டு அழைக்க முடியாது. பலர் கடதாசியில் எழுதியோ மனனம் செய்தோதான் அழைக்கிறார்கள். ஜனாஸா அறிவித்தலும் படம். கட்டாரில் வேலை செய்யும் மகனுக்கு டேட்டா குறைவாக இருந்தால் படம் இறங்காது, இரண்டு வரி எழுத்து என்றால் அந்த நொடியே போய்ச் சேர்ந்திருக்கும். உம்மாவின் வயதில் உள்ளவர்கள் சிறிய எழுத்தைப் பெரிதாக்கவோ, போனை வாசிக்கச் சொல்லிக் கேட்கவோ படத்தில் வழி குறைவு.

நான்காவது நட்டம்தான் எங்களை அதிகம் வேதனைப்படுத்துவது. நம் உம்மம்மாமார் ஓதிய அரபுத் தமிழ்க் கிதாபுகள் எத்தனை வீடுகளில் அலுமாரியில் கிடக்கின்றன? எழுத்து இருக்கிறது, வாசிக்கத் தெரிந்தவர் இல்லை. ஒரு சமூகம் தன் எழுத்தை அடுத்த தலைமுறைக்குத் திறந்து கொடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை நம்மைவிட யார் அறிவார்? மறுபக்கம் பாருங்கள். சித்தி லெப்பை 1885இல் 'அசன்பே சரித்திரம்' என்ற நாவலை அச்சிட்டார். அந்த அச்செழுத்தை இன்றும் எட்டாம் ஆண்டுப் பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கும். ஆனால் சில வருடங்களுக்கு முன் ஒரு பாடசாலை விழா மலரை அடித்த கோப்பைப் போன மாதம் எங்களிடம் கொண்டு வந்தார்கள். திறந்தால் பக்கம் பக்கமாக ஆங்கிலக் கிறுக்கல். பாமினியின் ஏதோ ஒரு வகை எழுத்துரு, அதை வைத்திருந்த கணினி எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. 130 வருடத்துக்கு மேற்பட்ட அச்சு பேசுகிறது, நேற்றைய கோப்பு ஊமையாகக் கிடக்கிறது.

இனி நீங்கள் சொல்லப்போகும் சாட்டுகளுக்கு வருவோம்.

"எங்கள் விரல் பாமினிக்குப் பழகிவிட்டது." பழகிய விரலை மாற்றவே வேண்டாம். ஈ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்களில் பாமினி விசைப்பலகை என்றே ஒரு தெரிவு உண்டு. நீங்கள் தட்டுவது அதே விசைகள், கணினியில் பதிவாவது யுனிகோட். அதை நிறுவ ஒரு பிளேன்டி குடிக்கும் நேரம் போதும்.

"யுனிகோடில் அழகான எழுத்து இல்லை." எப்போது தேடிப் பார்த்தீர்கள்? மீரா இனிமை, முக்தா மலர், கட்டமரான், பாலூ தம்பி, நோட்டோ தமிழ் எல்லாம் காசில்லாமல் கிடைக்கின்றன.

"அச்சகத்தில் எடுக்கமாட்டார்கள்." பேஜ்மேக்கர் காலத்து மென்பொருளுக்கு யுனிகோட் தெரியாது, உண்மைதான். அது அச்சகத்தின் பிரச்சினை. நீங்கள் யுனிகோடில் அடித்து வைத்திருங்கள், அச்சுக்குக் கொடுக்கும்போது மட்டும் மாற்றிக் கொடுக்கலாம். அச்சகத்துக்காக மூலப் பிரதியையே ஏன் ஊமையாக்க வேண்டும்?

"அலுவலகத்திலேயே பாமினிதான் கேட்கிறார்கள்." கேட்கிறார்கள்தான். நாங்கள் யுனிகோடில் அனுப்பிய ஒரு கடிதத்தை "பாமினியில் அனுப்பவும்" என்று திருப்பி அனுப்பிய அலுவலகமும் உண்டு. நாட்டின் தரநிலையைக் கடைப்பிடிக்க வேண்டியவர்களே இப்படிக் கேட்டால், "இதுதான் தரநிலை" என்று மரியாதையாக ஒரு வரி எழுதிக் கேட்க நமக்கு வாய் இல்லையா?

இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். வெளிநாட்டுச் சகோதரர்களின் காசில் ஸ்மார்ட் போர்ட் வாங்கி, ரிப்பன் வெட்டி, போட்டோ போடுகிறோம். பிறகு அந்த ஸ்மார்ட் போர்டில் பாமினிக் கோப்பைத் திறந்தால் எழுத்து உடைந்து நிற்கிறது, டீச்சர் வெண்கட்டியைத் தேடுகிறா. பொருளுக்குச் செலவழிக்கத் துணிகிற நாம், பழக்கத்தை மாற்றத் துணியவில்லை. பழக்கத்தை மாற்ற ஐந்து சதமும் செலவில்லை, ரிப்பனும் இல்லை. அதனால்தானோ யாருக்கும் ஆர்வமும் இல்லை?

நாங்கள் கேட்பது நாலே நாலு விடயம்:

1. அடுத்த தவணைத் தாள் தொடக்கம், பாடசாலையில் அடிக்கும் ஒவ்வொரு தமிழ்க் கோப்பும் யுனிகோடில் இருக்க வேண்டும் என்று அதிபர்மார் முடிவெடுங்கள்.

2. பள்ளிவாசல், கழக அறிவித்தல்களைப் படமாகப் போட்டாலும், கீழே எழுத்தாகவும் போடுங்கள். பெயர், நேரம், இடம், தொலைபேசி இலக்கம் போதும்.

3. கொமியூனிகேஷன் தம்பிமார், வாடிக்கையாளருக்குப் பென் டிரைவில் யுனிகோட் பிரதியையும் கொடுங்கள். பெற்றோரும் ஆசிரியரும் அதைக் கேட்டு வாங்குங்கள். காசு கொடுத்தவருக்கு அந்த உரிமை இருக்கிறது.

4. பழைய கோப்புகளை இப்போதே மாற்றுங்கள். சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியில் ஒட்டினால் நொடியில் யுனிகோட் ஆகிவிடும். இடையில் உள்ள ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து குழம்பும், ஆகவே ஒரு தடவை ஒப்புநோக்குங்கள். எழுத்துரு இன்னும் கையில் இருக்கும்போதே செய்தால் வேலை இலகு.

இதைத் தெரிந்த நாலைந்து பேர் தெரிந்தபடியே இருந்துவிட்டால் அது அமானிதத்துக்குத் துரோகம் என்று நினைத்துத்தான் எழுதுகிறோம். எழுதுவதோடு நிறுத்தவும் மாட்டோம். எந்தப் பாடசாலை, எந்தப் பள்ளிவாசல், எந்தக் கடை கூப்பிட்டாலும் லெப்டொப்போடு வந்து நிறுவித் தருவோம், அடித்தும் காட்டுவோம். காசு வேண்டாம், பிளேன்டி தந்தால் குடிப்போம்.

மறுப்பு உள்ளவர்கள் கீழே எழுதுங்கள், பதில் சொல்வோம். மறுப்பையும் தயவுசெய்து யுனிகோடிலேயே எழுதுங்கள். எப்படியும் பாமினியில் எழுத இங்கே வழியில்லை!